எலும்பு கூடியாச்சு... சைக்கிள் எப்போ ஏறலாம்?

"மக்கா, எல்லாரும் எப்பம் நடப்பன்னுதான் கேக்காங்க. நான் எப்பம் சைக்கிள் ஏறுவேன்? அதச் சொல்லு."

தோவாளையில் இருக்கும் என் பெரியப்பா மகன் போனில் கேட்டது இது. ரோட்டில் குறுக்கே வந்த நாய், உடைந்த தொடை எலும்பு, உள்ளே ஒரு ராடு. விடியும் முன்னே பூச்சந்தைக்குக் கணக்கு எழுதப் போவது அண்ணனுக்கு சைக்கிளில்தான். அதனால் இது வெறும் ஃபிட்னஸ் கேள்வி இல்லை, வேலைக் கேள்வி.

தேடிப் பார்த்ததில் முதலில் வந்து நின்றவர் கிறிஸ் ஃப்ரூம். டூர் டி பிரான்ஸ் பட்டத்தை 4 முறை வென்றவர். 2019 ஜூனில் பிரான்ஸில், ஒரு போட்டிப் பாதையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைச் சிந்த ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்த நொடியில் காற்று அடித்துத் தள்ள, நேராகச் சுவரில் போய் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்பு எல்லாம் முறிந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைத் தெரிந்த எவருக்கும் இந்தக் கதையில் ஆச்சரியம் இருக்காது.

ஃப்ரூம் 2020 பிப்ரவரியிலேயே போட்டிக்குத் திரும்பிவிட்டார். எட்டே மாதம்! செய்திகள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் விபத்து நடந்து ஒன்றரை வருடம் கழித்தும், 2021 ஜனவரியில், வலது காலின் பலக்குறைவைச் சரிசெய்யும் பயிற்சியில்தான் இருந்தார். எலும்பு கூடுவது வேறு, கால் பழைய காலாவது வேறு.

கொலம்பியாவின் ஈகன் பெர்னலும் அப்படித்தான். 2022 ஜனவரியில், நின்றிருந்த பஸ்ஸின் பின்னால் மோதி, கிட்டத்தட்ட 20 எலும்புகள் உடைந்தன. இரண்டே மாதத்தில் மறுபடி ரோட்டில் சைக்கிள் ஓட்டினார். ஆகஸ்டில் போட்டி. அடுத்த வெற்றி எப்போது தெரியுமா? 2025 பிப்ரவரியில், கொலம்பியாவின் தேசியப் போட்டியில். மூன்று வருடம்.

நடக்கவே கஷ்டம், பெடல் எப்படி?

இங்கேதான் ஒரு சுவாரசியம். நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை, உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. உட்கார்ந்தபடி இலகுவாக மிதிக்கும்போது அது ஏறக்குறைய உடல் எடை அளவுதான், ஏனென்றால் மீதியை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் பல பிசியோதெரபிஸ்ட்கள், ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளை சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள்.

சிக்கல் சுமையில் இல்லை, மடக்குவதில். நடக்க முழங்கால் 60 டிகிரி போல மடங்கினால் போதும். பெடல் ஒரு முழு வட்டம் சுற்ற 105 முதல் 110 டிகிரி வேண்டும். அவ்வளவு வராதவர்கள் சீட்டை உயர்த்தி, பெடலை முன்னும் பின்னுமாக அரைவட்டம் ஆட்டிப் பழகுவார்கள். நாள் போகப் போக அரை முக்கால் ஆகும், ஒருநாள் திடீரென்று முழுசாகச் சுற்றிவிடும். அப்புறம் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

நம்ம ஊர் டபுள் ஸ்டாண்டு சைக்கிள் இதற்குத் தோதுதான். ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையில் படாது. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் பண்ணின காலோடு மறுபடி விழுந்தால் கதை முதலிலிருந்து.

இன்னொன்று: சைக்கிள் மட்டும் போதாது. எலும்புக்கு உறுதி வர, உடல் எடை அதன்மேல் விழ வேண்டும். டாக்டர் அனுமதித்த அளவு நடையும் கூடவே வேண்டும்.

ரோட்டுக்கு எப்போ?

ராடு வைத்த தொடை எலும்பு கூட பொதுவாக 3 முதல் 6 மாதம். பெரியவர்களுக்குக் காரை எலும்பு என்றால் 6 முதல் 12 வாரம். புகைப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. வலி மாத்திரை போட்டுவிட்டு "இப்ப வலிக்கல" என்று ஏறுவது ஏமாற்று. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீழே விழுந்தால் ரத்தக்கசிவு பெரிய பிரச்சினை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்தபோது தலையில் இருந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

எனக்குப் பிடித்த டெஸ்ட் வேறு. சட்டென்று பிரேக் அடித்தால், அடிபட்ட காலைத் தரையில் ஊன்றி நிற்க முடியுமா? பின்னால் லாரி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க முடியுமா? முடியாது என்றால் எக்ஸ்ரே என்ன சொன்னாலும் மெயின் ரோடு வேண்டாம்.

கால் திரும்பி வராதவர்களும் ஓட்டுகிறார்கள். ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா விபத்தில் காலை இழந்தவர். 2013ல் ஆசிய பாரா சைக்கிளிங்கில் இரண்டு வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும் இந்தியாவுக்காக ஓட்டினார்கள். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பாராலிம்பிக்.

பிசியோவுக்கு வாராவாரம் நாகர்கோவில் போக வண்டி இல்லை என்பவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். 2021ல் தொடங்கிய இதில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு.

காத்து எந்தப் பக்கம்?

தோவாளைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தப் பக்கம் கிளம்பினால் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும், "அடடா, கால் சரியாயிடுச்சே" என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும், எதிர்காற்றில் ஆறாத காலோடு வீடு வந்து சேருவது என்னவென்று. அதனால் முதல் நாட்களில் வெள்ளமடம் பக்கம், காற்றை எதிர்த்துக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பலாம். சோர்ந்த காலுக்குக் காற்று துணை வரும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாலே?" என்றார். இப்போதைக்கு வீட்டு முற்றத்தில், ஸ்டாண்டு போட்ட சைக்கிளில், முக்கால் வட்டம் வந்திருக்கிறது.