முதல் செலவு மண்ணுக்கு

ஹரியானாவின் கர்னால் பக்கத்துக் களர் நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, குட்டையாய் நிற்கும். வெயில் ஏறியதும் மண் வெள்ளை பூத்து, காரை போட்ட தரையாய் இறுகிவிடும். பல இடங்களில் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக் கட்டிகள் சேர்ந்த கெட்டி அடுக்கு வேறு. அதைத் தாண்ட முடியாமல் மரக்கன்றின் வேர் தவித்துப்போகும்.

1969இல் தொடங்கப்பட்டு அங்கே இயங்கும் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் விறகு மரங்களுக்காக ஒரு வழி கண்டது. டிராக்டரில் பூட்டிய துளைக் கருவியால் ஒரு சாண் அகலத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி போடுகிறார்கள். கெட்டி அடுக்கு அதிலேயே உடைந்துவிடும். எடுத்த மண்ணோடு 3 கிலோ ஜிப்சமும் 8 கிலோ தொழுவுரமும் கலந்து, அதே குழியை நிரப்பிக் கன்றை நடுகிறார்கள். நெல்லுக்காக வயல் முழுவதையும் சீர்திருத்த ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் ஜிப்சம் பிடிக்கும். இங்கே 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் 1,666 மரம் நட்டாலும் 5 டன்னில் முடிந்துவிடுகிறது. வேர் போகிற பாதைக்கு மட்டும் வைத்தியம். இந்தச் சிக்கனம்தான் என்னைக் கவர்ந்தது.

களர் மண்ணில் சோடியம் மண்துகள்களைப் பிரித்துப் பொடியாக்கி, காற்றும் நீரும் போகும் துளைகளை அடைத்துவிடுகிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விடுபட்ட சோடியம் நீரோடு கீழே இறங்க வேண்டும். அதற்கு வடிகால் இல்லையென்றால் போட்ட பணம் வீண். வெறும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு ஜிப்சம் பயன்படாது. நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு மருந்து சாப்பிடுவதுதான்.

எரிபொருள் எண்ணெய்க்காக நட்ட காட்டாமணக்கு விஷயத்தில் மண்ணைப் பார்க்கும் இந்தப் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. 2003இல் மத்தியத் திட்டக்குழு 1.34 கோடி ஹெக்டேர் நிலத்தில் அதை வளர்க்கலாம் என்று கணக்குப் போட்டது. தரிசில் தானாக வளரும், ஆடுமாடு தின்னாது என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் செடி உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. எண்ணெய் வித்துக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரும் வேண்டும். திருவண்ணாமலை, கோவை மாவட்டங்களில் நட்ட விவசாயிகளுக்குச் சொன்ன விளைச்சலில் சிறு பங்குதான் கிடைத்தது. நம்பி நட்டவர்களின் நஷ்டம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'தரிசு' என்று ஏட்டில் எழுதப்பட்ட இடத்தில் ஆடு மேய்கிறது. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிறார்கள். அந்த மரத்தின் மேல் நமக்குள்ள கோபம் நியாயமானதே. ஆனாலும் அது இன்று அடுப்பெரிக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு எரிபொருள் பயிரை வைப்பவர்கள் முதலில் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இலவசக் கன்று கொடுக்கும் திட்டங்களைவிட ஜிப்சத்துக்கும் துளைக் கருவி வாடகைக்கும் முதல் இரண்டு கோடையின் உயிர்த்தண்ணீருக்கும் பணம் கொடுக்கும் திட்டமே எனக்குச் சரியாகப் படுகிறது. மரம் விறகாகச் சில வருஷம் ஆகும். அதுவரை கையில் காசு வர கர்னாலில் வழி உண்டு: ஜிப்சம் இல்லாமலே களரில் வளரும் கர்னால் புல்லை மரங்களுக்கு நடுவே போட்டு, தீவனமாக அறுக்கிறார்கள். அதன் வேர் மண்ணை இளக்கவும் செய்கிறது.