இருளர் பிள்ளைகளின் உயரம்: எடைக்கருவி சொல்லாத செய்தி

காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் குடியிருக்கும் இருளர் பழங்குடியினரில் பலர் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டு என்று வேலை தேடிக் குடும்பத்தோடு போகிறவர்கள். வாங்கிய முன்பணம் சிலரைக் கொத்தடிமையாக்குகிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். வயல் எலி, நண்டு, நத்தை, கிழங்கு என்று முன்பு கிடைத்த புரதமும் சத்தும் சூளையோரத்தில் கிடைப்பதில்லை.

இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் ஒரே இடத்தில் தருபவை உண்டு உறைவிடப் பள்ளிகள். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் குமிழியில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஓர் ஏகலைவா உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஏகலைவாவில் சேர்க்கை 6ஆம் வகுப்பிலிருந்து. கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான 1,000 நாளில் விழுந்த குறையோடுதான் பிள்ளை வருகிறது. ஆனாலும் பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் வயது இந்த 6ஆம் வகுப்பு வயதுதான். ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு கழித்து வரும். இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 122 செ.மீ. உயரமும் 24 கிலோ எடையும் உள்ள 10 வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கு ஏற்ற எடைதான். ஒல்லி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயதின் நடு உயரம் சுமார் 138 செ.மீ. ஏறக்குறைய 126-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியவள். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், பள்ளியில் 8 வயது என்று குத்துமதிப்பாக எழுதிவிட்டால், அதே 122 இயல்பான உயரமாகிவிடும். பதிவேட்டில் குறையே மறைந்துபோகும். என் பார்வையில் மிகப் பெரிய ஆபத்து இதுதான். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பல் முளைப்பைப் பார்த்து மருத்துவர் வயதைக் கணித்தால் தவறு குறையும்.

இன்னொரு ஆபத்து கோடை விடுமுறை. மே மாதம் சூளை வேலை நடக்கும் காலம். பிள்ளை பெற்றோரோடு அங்கே போகும். பள்ளி மூடியிருப்பதால் சத்துணவும் கிடையாது. ஆறு வயது தாண்டியதால் அங்கன்வாடியும் இல்லை. உடல் முதலில் எடையை இழக்கும். பற்றாக்குறை நீடித்தால் உயரமும் நின்றுபோகும்.

எனவே ஏப்ரலில் எடுத்த எடையையும் உயரத்தையும் ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும். இளைத்து வந்த பிள்ளைக்கு ரத்தசோகைப் பரிசோதனை, குடற்புழு மாத்திரை, கூடுதல் முட்டை, பருப்பு எல்லாம் அந்த வாரத்திலேயே தொடங்கட்டும்.