மூட்டு நோயும் தேகாப்பியாசமும்

பழைய மாணவர் தினத்தன்று நம் கல்லூரியின் மாடிப்படிகளில் ஏறி வருவோரைச் சற்று உற்று நோக்கின், முப்பதாண்டுகளுக்கு முன் பந்தாட்ட மைதானத்தில் பாய்ந்தோடிய வீரர் சிலர் இன்று கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து ஏறுவதைக் காணலாம். நலம் விசாரித்தால், "முழங்கால் தேய்ந்துவிட்டது, ஆகையால் நடையையும் விட்டுவிட்டேன்" என்பர். இவ்விடையின் முற்பகுதி ஒருவாறு உண்மையே. பிற்பகுதியே தீங்கு விளைப்பது. அஃது எவ்வாறென்பதை ஈண்டு ஒரு சிறிது ஆராய்வோம்.

தேய்தல் என்னும் சொல்லே நம்மை மயக்குகின்றது. செருப்பும் வண்டிச் சக்கரமும் உழைக்க உழைக்கத் தேய்வன; உழையாது வைத்தால் நெடுநாள் இருப்பன. முழங்காலும் அத்தகையதே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் செருப்புக்கு உணவு வேண்டுவதில்லை; மூட்டுக்கோ வேண்டும். எலும்பின் நுனிகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகின்றது. நாம் காலை ஊன்றும்பொழுது, பிழியப்பட்ட பஞ்சிலிருந்து வெளிப்படுவதுபோல் அதிலுள்ள நீர் வெளிப்படுகின்றது. காலைத் தூக்கும்பொழுது புதிய நீர் உட்புகுகின்றது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டேயாம். அன்றியும், நடக்கும்பொழுது எழும் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தொடையின் முன்புறத் தசை ஏற்றுக்கொள்கின்றது. நடை நின்றால் அத்தசை மெலியும். அது மெலிந்தால் மூட்டின்மேற் பாரம் மிகும். பாரம் மிக, வலியும் மிகும். வலி மிகவே, நடை இன்னும் குறையும்.

நோயுற்ற மூட்டுக்கு ஓய்வே மருந்து என்பது பாமரர் கருத்து மட்டுமன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லிவர்பூல் நகரத்தில் புகழ்பெற்று விளங்கிய ஹியூ ஓவன் தாமஸ் என்னும் வைத்தியர், நீண்ட, இடையறாத ஓய்வையே வற்புறுத்தினார். க்ஷயரோகத்தால் மூட்டுக்கள் அழிந்த அக்காலத்தில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. அவரைக் குறைகூறுதல் முறையன்று. பின்னர், 1970-க்குப் பிறகு, கனடா தேசத்து டொராண்டோவில் ராபர்ட் ஸால்ட்டர் என்பார் முயல்களின் மூட்டுக்களை ஆராய்ந்தார். கட்டி வைத்த மூட்டைவிட, இடைவிடாது மெல்ல அசைக்கப்பட்ட மூட்டில் குருத்தெலும்பின் காயம் நன்கு ஆறியதை அவர் காட்டினார். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன, முழங்கால் நோயுடைய 439 பேரைப் பற்றியது. பதினெட்டு மாதங்கள் நடைப்பயிற்சியோ பளுப்பயிற்சியோ செய்தவர்கள், உடல்நல உபதேசம் மட்டும் கேட்டவர்களைவிட வலி குறைந்து நடமாடினர். குணம் மிகப் பெரிது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அஞ்சியபடி மூட்டு கெட்டுவிடவில்லை.

நிற்க, எல்லாப் பயிற்சியும் ஒன்றல்ல. சமதரையில் நடக்கும்பொழுது முழங்காலின்மேல் விழும் பாரம் உடலெடையைப்போல் இரண்டு மூன்று மடங்காகும். படியிறங்கும்பொழுது மூன்று மடங்குக்கும் மேற்படும். ஓட்டத்திலும் குதிப்பிலும் இன்னும் மிகும். மெல்ல மிதிக்கும் சைக்கிளிலோ அப்பாரம் ஏறக்குறைய உடலெடை அளவே. ஏனெனில் உடலை ஆசனம் சுமக்கின்றது. ஆனால் நம்மூரில் இரு கால்களும் தரையில் பதியவேண்டும் என்று ஆசனத்தை மிகத் தாழ்த்திவிடுவது வழக்கம். அப்பொழுது முழங்கால் அதிகமாக மடங்கி, சிரட்டை எலும்பின் பின்புறம் நெருக்குண்டு நோகும். மிதி கீழே வரும்பொழுது கால் சிறிதே மடங்கியிருக்குமாறு ஆசனத்தை உயர்த்தல் வேண்டும். இந்த ஒரு திருத்தத்தினாலேயே வலி குறையக் கண்டவர் உண்டு.

யாவற்றினும் இலேசானது நீரிற் செய்யும் பயிற்சி. இடுப்பளவு நீரில் நிற்பவன் கால்கள் உடலெடையில் ஏறக்குறையப் பாதியையே சுமக்கின்றன. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கையே சுமக்கின்றன. நீந்தத் தெரியவேண்டும் என்பதுமில்லை. மார்பளவு நீரில் முன்னும் பின்னும் நடந்தாலே போதும். பாசி படர்ந்த குளத்துப்படி மட்டும் இதற்கு உதவாது. வழுக்கி விழுந்தால் முழங்காலோடு நில்லாது. குளமும் தடாகமும் இல்லாதவர், சீனரின் தை சீ என்னும் மெல்லசைவுப் பயிற்சியைக் கற்கலாம். 2016-இல் போஸ்டன் நகரத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில் அது மருத்துவமனைப் பயிற்சிக்கு ஒப்பான பயனைத் தந்தது. நம் யோகாசனங்களும் நல்லனவே. ஆயின் பத்மாசனத்தையும் வஜ்ராசனத்தையும் நோயுற்ற முழங்காலில் வலிந்து செய்தல் ஆகாது. தரையிற் சம்மணமிட்டு நெடுநேரம் இருப்பதும் அங்ஙனமே. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல் தொடைக்கு நல்ல பயிற்சியாம். வீட்டில் எவரும் செய்யலாம்.

எவ்வளவு செய்வது என்று கேட்பர். நாளொன்றுக்குப் பத்து நிமிஷத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பெருக்குவதே தகுதி. செய்யும்பொழுது சிறிது வலித்தால் அஞ்சவேண்டுவதில்லை. பயிற்சிக்குப்பின் இரண்டு மணி நேரங் கடந்தும் வலி மிகுந்திருப்பினும், மறுநாட் காலையில் மூட்டு முன்னினும் வீங்கியிருப்பினும், அளவு மிஞ்சிற்று என்று அறிந்து மறுநாள் குறைத்துக்கொள்க, அடியோடு விட்டுவிடற்க. உடல் பருத்தவர்க்கு இன்னொரு செய்தி: எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைவதாக 2005-இல் கணக்கிட்டனர்.

மூட்டு சிவந்து சுடுதல், காய்ச்சல், காலை நீட்டவொட்டாமல் மூட்டு பூட்டிக்கொள்ளுதல், விடியலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பல மூட்டுக்கள் விறைத்திருத்தல் ஆகிய இவை வெறுந் தேய்வின் குறிகளல்ல. இவற்றைக் கண்டால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் செல்க.

ஊன்றுகோல் பிடிப்பதை நம்மிற் பலர் நாணமாகக் கருதுகின்றனர். பிடிப்பவரும் நோயுற்ற காலின் பக்கத்திலேயே பிடிக்கின்றனர். அதனை எதிர்ப்பக்கத்துக் கையிற் பிடித்தலே முறை. படியேறும்பொழுது நல்ல காலை முன்வைத்தல் வேண்டும். இறங்கும்பொழுது நோயுற்ற காலை முன்வைத்தல் வேண்டும். மேனாட்டு மருத்துவமனைகளில் இதனை நினைவிற்கொள்ள, நல்லது மோட்சத்துக்கு ஏறும், கெட்டது நரகத்துக்கு இறங்கும் என்று வேடிக்கையாகக் கற்பிப்பர். நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கு இது மறவாதென்று நம்புகிறோம். ஊன்றுகோல் நோயுற்ற காலுடனேயே செல்லும். மற்றக் கைக்குக் கைப்பிடி இருக்கின்றது.