புட்டிக்கு எவ்வளவு, உள்ளிருப்பதற்கு எவ்வளவு?

தாம்பரத்தில் மாலை வண்டியிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி வீட்டை நோக்கி நடக்கிறது. இன்னொரு பகுதி டாஸ்மாக் கடையின் கம்பிவலை முன் போய் நிற்கிறது. வலைக்குள் கையை நீட்டி, "அந்தச் சிவப்பு மூடி குவார்ட்டர் ஒண்ணு" என்கிறார் ஒரு தோழர். பின்னால் நிற்பவர் சும்மா இருப்பாரா? "அது வேணாம்ணே, கறுப்புப் பெட்டியில வருதே, அதைக் கேளுங்க. தொண்டைக்கு இதமா இருக்கும்" என்கிறார்.

கவனித்தீர்களா தோழர்களே! இருவருமே சரக்கைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் மூடியைப் பேசினார். மற்றவர் அட்டையைப் பேசினார்.

குடி கேடு என்று எழுத இன்று நாம் பேனாவை எடுக்கவில்லை. அதைப் புட்டியே சொல்கிறது, பொடி எழுத்தில்! நாம் கேட்பது கணக்கு. வியர்வை சிந்திய காசில் உள்ளிருக்கும் பொருளுக்கு எவ்வளவு, கண்ணை மயக்கும் கண்ணாடிக்கு எவ்வளவு?

காய்ச்சி வடிக்கும்போது விஸ்கி தண்ணீரைப்போல நிறமற்றது. ஸ்காட்லாந்தில் அது குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் கிடந்து மரத்தின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. அங்கேயும் கருக்கிய சர்க்கரைச் சாயம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நம் நாட்டில் மலிவு விலையில் விற்கும் விஸ்கியில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராயமே. நிறமும் மணமும் பின்னால் வந்து சேரும் விருந்தாளிகள்! தானியத்தில் வடித்து 3 ஆண்டுகள் மரத்தில் வைக்காததை விஸ்கி என்று அழைக்கவே ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புவதில்லை. உயர்ந்த வகைகளில் மால்ட் கலப்பதுண்டு. வேறுபாடே கிடையாது என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் மலிவான வகைகளில், மூடி மாறுகிற அளவுக்கு உள்ளே இருப்பது மாறுகிறதா?

நிறக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பார்கள். பீருக்கு அது மெய். அதில் சேரும் ஹாப்ஸ் வெளிச்சம் பட்டால் கெட்ட நாற்றம் தரும். ஆகவே பழுப்புப் புட்டி. விஸ்கியில் ஹாப்ஸ் இல்லை. நெடுநாள் வெயிலில் வைத்தால் நிறம் வெளுக்கலாம். வாங்கிய குவார்ட்டர் மறுநாள் சூரியனையே பார்ப்பதில்லை. அதற்கு எதற்கு வெயில் காப்பு?

எல்லாப் புட்டியும் ஏமாற்றன்று. ஜானி வாக்கரின் சதுரப் புட்டி 1860-இல் வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு: உருண்டைப் புட்டியைவிடக் குறைவாக உடையும், ஒரே பெட்டியில் அதிகம் அடங்கும். நம் குவார்ட்டரின் தட்டை வடிவமும் அப்படித்தான். கால்சட்டைப் பைக்கும் வேட்டி மடிக்கும் அளவெடுத்தாற்போல் பொருந்தும்.

கறுப்புப் பெட்டிக்காரர் பொய் சொன்னாரா? இல்லை! 2013-இல் லண்டனில் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் 441 பேரிடம் விஸ்கிக் கோப்பையைக் கொடுத்து, மூன்று விதமாக அலங்கரித்த அறைகளுக்குள் ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். பசும்புல் அறையில் புல்வாசம் கூடியது என்றார்கள். சிவப்பு அறையில் இனிப்புக் கூடியது. மரம் பதித்த அறையில் மரச்சுவை மிகுந்தது. அங்கேதான் விஸ்கி அதிகம் பிடித்தும் போயிற்று. கையிலிருந்ததோ அதே கோப்பை, அதே விஸ்கி! 2008-இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் ஒரே திராட்சை மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர்தான் சுவை என்றனர் குடித்தவர்கள். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அப்போதே கூடுதலாக இயங்கியதைக் கருவி காட்டிற்று. நாக்குக்கு முன்னே கண் குடித்துவிடுகிறது. கண்ணுக்கும் முன்னே விலை!

ஆலை முதலாளிகள் இதை அறியாதவர்களா? தொலைக்காட்சியில் மதுவுக்கு விளம்பரம் கூடாதென்று விதி இருக்கிறது. ஆகவே புட்டியே விளம்பரம் ஆயிற்று. பொன்னெழுத்து பேசுகிறது, பருத்த அடிப்பாகம் பேசுகிறது. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனத்தின் கையில். விலையில் பெரும்பங்கு வரிக்குப் போகிறது. மிஞ்சியதில்தான் சாராயம், கண்ணாடி, மூடி, அட்டை எல்லாம் அடங்கவேண்டும்.

சிவப்பு மூடித் தோழரிடம் இவ்வளவையும் நாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். புட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க. மூடியும் லேபிளும் வேணாம்னு இங்கேயே கழட்டிக் கொடுத்துட்டா, அந்தக் காசைக் கழிச்சுக்குவாங்களா?" என்றார்.

வலைக்கு அப்பால் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.