குளத்துக்கு மீன்குஞ்சு எங்கிருந்து வருகிறது?

மீள்குடியேறிய கிராமங்களில் நடக்கும் கூட்டங்களில், வீடு, கிணறு, காணி உறுதி பற்றியெல்லாம் பேசி முடிந்த பிறகு குளத்துப் பேச்சு வரும். "குளம் நிரம்பி நிற்கிறது, மீன் தானாகப் பெருகும்தானே? ஏன் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சங்கத்தின் கையில் இருப்பது சிறிய தொகை. விதைநெல்லும் அதிலேதான் வாங்க வேண்டும், வலையும் அதிலேதான். இதற்குரிய பதில் நீங்கள் எந்த மீனை வளர்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

திலாப்பியாவுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்த மீன் இன்று நாட்டின் பெரும்பாலான குளங்களில் இருக்கிறது. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் அடிமண்ணைக் கிளறிக் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தப் பழகும் வரை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்த நாட்களில் தாய் மீன் ஏறக்குறையப் பட்டினிதான். இப்படிப் பாதுகாப்பதால் குஞ்சுகளில் அதிகமானவை தப்பிவிடுகின்றன. ஆண்டில் பல முறை குஞ்சு பொரிப்பதால் சிறிய குளமென்றால் மீன் நெருக்கமாகி, உணவு போதாமல், கையளவுக்குக்கூட வளராமல் நின்றுவிடும். குளத்தில் விரால் இருப்பது இந்த வகையில் நல்லது. மிதமிஞ்சிய குஞ்சுகளை அது குறைத்துவிடும்.

கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டை இனங்களின் கதை வேறு. இவை இந்தியாவின் பெரிய ஆறுகளைச் சேர்ந்தவை. மழைக்கு ஆறு பெருகி, வெள்ளம் கரையோரத் தாழ்நிலங்களில் பரவும்போதுதான் முட்டையிடும். குளத்தில் நன்றாகக் கொழுக்கும், வயிற்றில் சினையும் நிறைந்திருக்கும். ஆனால் நின்ற தண்ணீரில் அந்தச் சினை வெளியே வராது. காலப்போக்கில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். எனவே "சினை மீன் பிடிபட்டது, அடுத்த வருடம் குஞ்சு வரும்" என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்த மீன்களைப் பிடித்து முடித்தால் குளத்தில் அவை முடிந்த மாதிரித்தான்.

இதற்கு வழி கண்டவர் இந்திய விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. முட்டையிடும்படி மீனின் உடம்புக்குக் கட்டளை கொடுப்பது மூளையின் அடியில் இருக்கும் கபச் சுரப்பி. வேறு மீன்களின் கபச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றி, 1957இல் ஒடிசாவில் அவர் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். இன்று பல நிலையங்கள் தயாராகக் கிடைக்கும் ஓமோன் மருந்தையே பாவிக்கின்றன. மாலையில் ஊசி போட்டு, ஆண்களையும் பெண்களையும் ஒரே தொட்டியில் விட்டால் விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். ஒரு கிலோ நிறையுள்ள தாய் மீனிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேல் முட்டை கிடைக்கும். ஓடும் தண்ணீரில் அவற்றை அசைந்தபடி வைத்திருந்தால், நமது வெப்பநிலையில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். இலங்கையில் உடவளவை, தம்புள்ளை, இங்கினியாகல போன்ற அரசாங்க மீன் இனப்பெருக்க நிலையங்களில் இந்த வேலை நடக்கிறது.

பொரித்த குஞ்சு முதல் மூன்று நாள் தன் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சட் கருவில் வாழும். அதன் பின்பு வாய் திறந்து இரை தேடும். அந்த அளவில் அதைக் குளத்தில் விடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். தும்பியின் புழுவும் நீர்ப்பூச்சிகளும் அதைத் தின்றுவிடும். ஆகவே சாணம் இட்டு நுண்ணுயிர் வளர்த்த மண்தொட்டிகளில், தவிடும் பிண்ணாக்கும் கொடுத்து, விரல் நீளம் வரும் வரை இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். இந்த இடைக்கால வளர்ப்பைக் கிராமச் சங்கங்களே செய்து, குளங்களுக்குக் குஞ்சு விற்று வருமானம் பெறுவதும் உண்டு. கிணற்று நீர் வற்றாத காணி உள்ள மாதர் சங்கங்கள் இதைப் பற்றி யோசிக்கலாம். குளத்தில் வலை வீசுவதைவிட வீட்டோடு செய்யக்கூடிய வேலை இது.

கோடையில் வற்றும் குளமென்றால் மாரி மழைக்கு நிரம்பியதும் குஞ்சு விட்டு, ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் வற்றுமுன் பிடித்துவிட வேண்டும். கலிங்கு வான் பாய்ந்துகொண்டிருக்கும்போது விடாதீர்கள். வாங்கிய குஞ்சு கீழ்க் குளத்துக்குப் போய்விடும். துருசு வாயிலுக்கும் கம்பிவலை தேவை.

குஞ்சுகள் ஒக்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் வரும். அதிகம் சாவது பயணத்திலல்ல, பையைத் திறக்கும்போதுதான். பையை அவிழ்க்காமல் கால் மணித்தியாலமாவது குளத்து நீரில் மிதக்க விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, பையைச் சரித்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போகும். கொட்ட வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் செய்வது நல்லது. பணம் கொடுக்குமுன் ஒரு பையையாவது அத்தாட்சிக்கு எண்ணிப் பாருங்கள். கெண்டை என்று சொல்லித் திலாப்பியாக் குஞ்சு தந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்: திலாப்பியாவின் முதுகுச் செட்டையின் முன்பாதி முட்களாக இருக்கும், கையில் குத்தும். ரோகு, கட்லாவில் அப்படி இராது.

குஞ்சு விடுவதற்கு முன் கமக்காரர் அமைப்போடும் கமநல சேவை நிலையத்தோடும் பேசிக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளும் மீன் பிடிக்கும் நாளும் மோதாமல் இருக்க வேண்டும். மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத குளக்கட்டிலோ அலைகரையிலோ இறங்க வேண்டாம். மண் வெட்டவும் வேண்டாம். சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.