பிவட் பாயின்ட் டிரேடிங்... பழைய டேட்டாவில் ஜெயித்தால் போதுமா?

ஒரு பங்கின் நேற்றைய உச்ச விலை ரூ.112, குறைந்த விலை ரூ.100, முடிவு விலை ரூ.109 என வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் 107. இதுதான் இன்றைய பிவட் பாயின்ட். அதை இரட்டிப்பாக்கி உச்ச விலையைக் கழித்தால், முதல் சப்போர்ட் 102.

‘102-ல் வாங்கி 107-ல் விற்பேன், ஸ்டாப்லாஸ் 98’ என்ற விதியைப் பழைய விலைகளில் சோதிப்பதே பேக்டெஸ்டிங். வாங்கிய அன்றே விலை 98, 107 இரண்டையும் தொட்டிருந்தால்? எது முதலில் என்பதை தினசரி டேட்டா சொல்லாது. பலர் லாபக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் நஷ்டமாகவே எழுதுங்கள். புரோக்கரேஜ், வரிகளையும் கழியுங்கள்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் 93% தனிநபர்களுக்கு நஷ்டம் என்கிறது செபி ஆய்வு. இத்தனை கழித்தும் லாபம் நிற்காத உத்தியில் வீட்டுப் பணத்தைப் போடாதீர்கள்!