பூனை போன தீவு

தாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது மக்குவாரி. 34 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான் தீவு. பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. உயரமான புற்புதர்கள், அகல இலைச் செடிகள், பென்குயின்கள், கடல்யானைகள். ஆண்டில் 300 நாளுக்குமேல் மழையோ பனியோ விழும் இடம் என்பதால், மேகமில்லாத செயற்கைக்கோள் படம் ஒன்று சிக்குவதே பெரும்பாடு.

அப்படிச் சிக்கிய படங்கள் ஒரு வம்பை அம்பலப்படுத்தின.

கடல்நாய் (சீல்) வேட்டைக்கு வந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பூனைகளையும் முயல்களையும் இங்கே விட்டுப்போனார்கள். முயல் செடியைத் தின்றது; பூனை முயலையும் கடற்பறவையையும் தின்றது. ஆண்டுக்குச் சுமார் 60,000 பறவைகள் பூனைக்கு இரையாவதாக மதிப்பிடப்பட்டது. முயல்களை ஒடுக்க 1978-ல் மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். அடுத்து பூனை வேட்டை. 2000-ல் கடைசிப் பூனையும் ஒழிந்தது. பறவை ஆர்வலர்களுக்குக் கொண்டாட்டம்; முயல்களுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம்!

ஆய்வாளர் டானா பெர்க்ஸ்ட்ரோம் குழுவினர் 2000-ஆம் ஆண்டுப் படத்தையும் 2007-ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டார்கள். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை வெளியே தள்ளிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஓரிடத்தில் பசுமை எவ்வளவு என்று தெரியும். கணக்கின் முடிவு: ஏழே ஆண்டுகளில் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பில் தாவரங்கள் கணிசமாக மாறியிருந்தன. சரிவுகளில் புல்லின் பிடிமானம் போய், 2006-ல் பெருமழையின்போது மண் சரிந்து பென்குயின் குடியிருப்பு ஒன்றின்மீதே விழுந்தது.

ஆனால், எங்கே மாறியது என்று படம் சொல்லும். ஏன் மாறியது என்று சொல்லாது. உயர்ந்த புதரும் முயல் மேய்ந்த குட்டைப் புல்லும் மேலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆகவே, தரையில் அடையாளமிட்டு வைத்திருந்த சிறு கட்டங்களில் செடிகளைக் கணக்கெடுத்து ஒத்துப்பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. பூனை போனதுதான் காரணம் என்றது இந்தக் குழு. வைரஸால் முயல்களை ஒடுக்குவது தளர்ந்ததை மறக்கலாமா என்று வேறு சில விஞ்ஞானிகள் மல்லுக்கு நின்றார்கள். இரண்டாம் தரப்பின் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது.

சண்டை ஒருபுறமிருக்க, ஹெலிகாப்டரிலிருந்து நச்சு இரை தூவி, எஞ்சியவற்றை மோப்ப நாய்களைக் கொண்டு தேடி, முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒழித்தார்கள். சுமார் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு. 2014-ல் வெற்றி அறிவிக்கப்பட்டது, பசுமையும் திரும்பியது.

தீவு தேறிவிட்டதா? அந்தத் தீர்ப்பைப் பசுமைக் கணக்கிடம் மட்டும் விடக் கூடாது. உலகில் இங்கு மட்டுமே வளரும் ஒருவகை அசோரெல்லா மெத்தைச் செடி 2008 முதல் திட்டுத்திட்டாகக் கருகத் தொடங்கியது. முயல் தின்று அல்ல; நோயும் நீர் வறட்சியும் காரணம் என்று கருதப்படுகிறது. 2010-ல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.